அம்பத்தூர் ஃபிட்டரும் ஐரோப்பாவும்

எராஸ்மஸ் என்று ஒரு திட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு நாட்டு காலேஜ்ல படிக்கிற பசங்க இன்னொரு நாட்டு காலேஜுக்குப் போய் ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ படிச்சிட்டு வரலாம். அங்கே எழுதின பரீட்சை இங்கே செல்லும். செலவுக்குக் கொஞ்சம் காசும் தருவாங்க. 1987ல 11 நாடுகள், 3,244 மாணவர்கள் என்று ஆரம்பித்தது. இதுவரைக்கும் ஒன்றரைக் கோடி பேருக்கு மேல் போய் வந்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு அம்மாவின் கோபம் இருக்கு. பெயர் சோஃபியா கொராதி, இத்தாலிக்காரர். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைச் சட்டம் படித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினார். "அங்கே படிச்சதெல்லாம் இங்கே கணக்கில் வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. 1969லிருந்து விடாமல் மனு போட்டு, ஆளைப் பிடித்து, கடைசியில் காரியத்தைச் சாதித்தார். 'மம்மா எராஸ்மஸ்' என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். 2025ல் காலமானார்.

எல்லாரும் சொல்ற கதை இதுதான். ஆனா இதுக்கு முன்னாடி இன்னொரு கதை இருக்குங்க. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அயனம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைப் பற்றி உனக்கென்னய்யா கவலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கடைசியில் அம்பத்தூருக்குத்தான் வந்து சேருவோம் :)

முதலில் போனது மாணவன் இல்லை

ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் 1957ல் கையெழுத்தானது. அதில் 50ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? உறுப்பு நாடுகள் இளம் தொழிலாளர்களைப் பரிமாறிக்கொள்வதை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. இளம் தொழிலாளர்கள்! அந்தப் பிரிவில் மாணவர் என்ற பேச்சே இல்லை. அதன்படி முதல் கூட்டுத் திட்டம் 1964ல் வந்தது. எராஸ்மஸுக்கு 23 வருஷம் முன்னாடி. ஒரு நாட்டு இளம் தொழிலாளி இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை பழகி வரட்டும் என்பதுதான் முதல் யோசனையாக இருந்திருக்கிறது.

அது ஒன்றும் புதுசும் இல்லை. ஜெர்மன் பேசும் நாடுகளில் தச்சர், கொத்தனார் போன்றவர்களுக்கு 'வால்ட்ஸ்' என்று ஒரு பழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. தொழில் கற்று முடித்த இளைஞன் மூன்று வருஷமும் ஒரு நாளும் ஊர் ஊராகப் போய் வேலை செய்து பழக வேண்டும். அதுவரை சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் கால் வைக்கக் கூடாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, கடன் இருக்கக் கூடாது. இன்றைக்கும் கறுப்புத் தொப்பி, அகலக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு சிலர் இப்படி நடக்கிறார்கள். ஊர் மாறினால்தான் கை தேறும் என்பது அவர்கள் கணக்கு.

நம்ம பக்கம் என்ன நடந்தது?

நம்ம ஊர்ல ஐரோப்பாவுக்குப் போய்ப் படிச்சவர் என்றால் ராமானுஜன்தான் முதலில் ஞாபகம் வருவார். 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் நெவாஸா என்ற கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுண்டு இங்கே குடும்பத்துக்குப் போனது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கப்பல் ஏறும்போது அவரிடம் எந்தப் பட்டமும் கிடையாது. எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர், துறைமுகத்தில் குமாஸ்தா. இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அவர் கணக்குப் படிக்கப் போனார். கைத்தொழில், எஞ்சினியரிங் பழகப் போனவர்கள் கதை வேறு. 1904ல் பிரிட்டிஷ் இந்திய அரசு தொழில்நுட்ப உதவித்தொகை என்று ஒன்றை ஆரம்பித்தது. வருஷத்துக்கு 150 பவுண்டு. இந்தியப் பையன்கள் இங்கிலாந்து போய் நெசவு, சுரங்கம், தோல் என்று தொழில் படிக்கலாம். நல்ல திட்டம்தான். பாடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஃபேக்டரி வாசலில். "நாளைக்கு நமக்கே போட்டியா வரப்போறவனுக்கு நாமே கத்துக் கொடுக்கணுமா?" என்று பல முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மோரிசன் கமிட்டி போட்டார்கள், 1913ல் அறிக்கை வந்தது. 1921-22ல் லிட்டன் கமிட்டி வந்தது. இரண்டிலும் இதே புலம்பல், செய்முறைப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று. இந்திய அரசுக்குச் சரக்கு விற்கும் கம்பெனிகள் இந்தியப் பையன்களுக்குப் பயிற்சியும் தரவேண்டும் என்று நம்மவர்கள் கேட்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான்.

அந்தக் கதவு எப்போது திறந்தது? யுத்தம் வந்தபோது!

1941. பிரிட்டனில் தொழிலாளர் துறை மந்திரி எர்னஸ்ட் பெவின், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். யுத்தத்துக்கு ஆயுதம் செய்ய இந்தியாவில் தேர்ந்த கைகள் வேண்டும். அதனால் இந்திய இளம் தொழிலாளர்களைத் தடவைக்குச் சுமார் 50 பேராகக் கப்பலேற்றிக் கூட்டிப்போய், பயிற்சி மையத்திலும் ஃபேக்டரியிலும் வேலை பழக்கித் திருப்பி அனுப்பினார்கள். யுத்தம் முடியும் வரை நூற்றுக்கணக்கானவர்கள் இப்படிப் போனார்கள். காலேஜ் பட்டதாரிகள் இல்லைங்க, பட்டறையில் கை கறுத்தவர்கள். ஆங்கிலத் தொழிலாளர் குடும்பங்களோடு தங்கினார்கள், அங்கே தொழிற்சங்கம் எப்படி நடக்கிறது என்றும் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கட்டும் என்பதும் பெவினின் திட்டத்தில் ஒரு பகுதி. (கொசுறு: யுத்தக் கடைசியில் பிரிட்டனில் சீட்டுக் குலுக்கி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட பசங்களுக்கும் 'பெவின் பாய்ஸ்' என்றுதான் பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முப்பது வருஷம் கமிட்டி போட்டும் திறக்காத கதவு, அவர்களுக்குத் தேவை வந்ததும் ஒரே வருஷத்தில் திறந்தது. இந்த ஒரு விஷயத்தைத்தான் மேலும் மேலும் பார்க்கப்போகிறோம்.

இப்போ நம்ம ஏரியா

சுதந்திரத்துக்கு அப்புறம் காற்று திசை மாறியது. நம்ம ஆள் அங்கே போவது ஒரு பக்கம் இருக்க, அவர்கள் தொழிலே இங்கே வர ஆரம்பித்தது. அதுவும் பெரும்பாலும் நம்ம மேற்குச் சென்னை ரயில் பாதையை ஒட்டி.

1949ல் பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு முருகப்பா குடும்பம் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, ஃபேக்டரி அம்பத்தூரில். நம்ம அப்பாக்கள் மிதித்த ஹெர்குலிஸ் அதில் வந்ததுதான். 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ஐ.சி.எஃப்.பை நேரு திறந்து வைத்தார். தொழில்நுட்பம் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் என்ற ஊர் கம்பெனியுடையது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961ல் ஒப்பந்தம், 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. கொஞ்சம் தள்ளி கிண்டியில் 1959ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு ஐ.ஐ.டி. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்தார்கள், நம்ம ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். அன்றைக்கு மேற்கு ஜெர்மனி தன் நாட்டுக்கு வெளியே செய்த மிகப்பெரிய கல்வித் திட்டம் அதுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை எப்போது வந்தது? 1964ல். ஐரோப்பாவில் இளம் தொழிலாளர் பரிமாற்றம் ஆரம்பித்த அதே வருஷம்!

இங்கே ஷ்லீரன் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. கற்றுக்கொடுத்த அந்த ஸ்விஸ் கம்பெனி 1985ல் இழுத்து மூடப்பட்டது. கற்றுக்கொண்ட பெரம்பூர், அதே வடிவமைப்பில் பெட்டி செய்துகொண்டே இருந்தது. நீல நிறம், கம்பி போட்ட ஜன்னல், நாம் எல்லாரும் தலை நீட்டித் திட்டு வாங்கிய அதே பெட்டிதான். கடைசிப் பெட்டி வெளியே போனது 2018 ஜனவரியில். அதே வருஷம் அதே ஃபேக்டரியிலிருந்துதான் இப்போது வந்தே பாரத் என்று ஓடும் ரயிலும் வந்தது. வாத்தியார் கடையை மூடி 33 வருஷம் கழித்தும் பாடம் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அந்தப் பாடம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்க முடியாது. வெல்டர் கையிலிருந்து வெல்டர் கைக்கு, ஃபிட்டரிடமிருந்து அப்ரண்டிஸுக்குப் போயிருக்கிறது. 1961ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஐ.டி.ஐ. முடித்த பையனை ஃபேக்டரிகள் உள்ளே எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது.

இன்றைக்கு

எங்க பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி. ஐ.டி.ஐ. ஃபிட்டர், எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. "அண்ணே, ஜெர்மனில ஆளே இல்லையாமே, நான் போக முடியுமாண்ணே?" என்று கேட்டான். அவனுக்காகத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவே வந்தது.

ஆள் இல்லை என்பது உண்மைதான். ஜெர்மனி 2020ல் தேர்ந்த தொழிலாளர் வருகைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2023ல் அதை இன்னும் தளர்த்தியது. 2022 டிசம்பர் 5ஆம் தேதி டில்லியில் இரண்டு நாடுகளும் இடப்பெயர்வு ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் 2023ல் இளம் பணியாளர் திட்டம் ஆரம்பித்தது. 18லிருந்து 30 வயதுக்குள் இருக்கும் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 3,000 இடம், குலுக்கல் முறையில். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா பிரிட்டன் திட்டத்துக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். அதற்கு மேல் கையிருப்பாக 2,530 பவுண்டு காட்ட வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் வரிசையிலேயே நிற்க முடியாது. (ராமானுஜனும் நிற்க முடியாது. சொன்னேன்ல, ஞாபகம் வச்சுக்கோங்கன்னு!) எராஸ்மஸ் முண்டுஸ் என்று 2004ல் வந்த உதவித்தொகையில் நிறைய இந்தியர்கள் போகிறார்கள், ஆனால் அது முதுகலைப் படிப்புக்கு. நம்ம தமிழக அரசு 2024ல் நான் முதல்வன் திட்டத்தில் 25 பேரை இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பாராட்ட வேண்டிய விஷயம், அரசு செலவில் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். அவர்களும் காலேஜ் மாணவர்கள்தான்.

ஜெர்மனி பரவாயில்லை, ஐ.டி.ஐ.க்காரனுக்கும் வழி இருக்கிறது. ஆனால் இங்கே பழகியதை அவர்கள் அங்கீகரிக்க வேண்டும். அவர்கள் பயிற்சி மூன்று, மூன்றரை வருஷம். வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மீதி நாள் ஃபேக்டரி என்கிற மாதிரி ஓடும். நம்ம ஐ.டி.ஐ. ஒன்று அல்லது இரண்டு வருஷம். ஒப்பிட்டுப் பார்க்கும்போது பாதி அங்கீகாரத்தில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். மேலே ஜெர்மன் மொழி வேறு படிக்கணும், நாள் முழுக்க லேத்தில் நின்றுவிட்டு. சோஃபியா கொராதிக்கு நடந்தது இவனுக்கும் நடக்கிறது. "அங்கே கத்துக்கிட்டது இங்கே செல்லாது."

ஐரோப்பாவிலேயே இந்தப் பாகுபாடு இருந்தது. இளம் தொழிலாளிக்குத் திட்டம் 1964லேயே வந்தாலும், பெயர் வாங்கியதும் பெருகியதும் காலேஜ் மாணவனுக்கான எராஸ்மஸ்தான். தொழில் பழகுநர்களுக்கு லியோனார்டோ டாவின்சி பெயரில் 1995ல் ஒன்று வந்தது. அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல், ஒரு வருஷம் வரை வெளிநாட்டில் தங்கிப் பழக எராஸ்மஸ்-ப்ரோ வந்ததோ 2018ல். அங்கேயே ஃபிட்டருக்குக் கடைசி பெஞ்சுதான்.

என் கட்சி இதுதான். அடுத்தவன் கதவு அவன் தேவைக்குத்தான் திறக்கும். 1941லும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் திறக்கிற நேரத்தில் உள்ளே போகிற மாதிரி நம்ம பையன் கையில் என்ன இருக்கிறது என்பது நம்ம வேலை. ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வெளியே செல்லுபடியாக அரசுகள் பேச வேண்டும். சாயங்கால நேரத்தில், எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே, மலிவாக ஜெர்மன் சொல்லித்தர வேண்டும். பட்டதாரிகளுக்கு 25 சீட் ஒதுக்கினால், அடுத்த தடவை ஐந்து சீட்டாவது டர்னருக்கும் வெல்டருக்கும் ஒதுக்கலாம். போனவன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரம்பூரே சாட்சி.

அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெர்மன் கிளாஸ் போக ஆரம்பித்திருக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லத் தெரியும் இப்போதைக்கு.

உங்க வீட்டில், தெருவில் இப்படிப் பயிற்சிக்கென்று வெளிநாடு போய் வந்த பழைய ஐ.சி.எஃப்., ஆவடி, டி.ஐ. ஆட்கள் யாராவது இருந்தால் அவங்க கதையைக் கேட்டு எழுதுங்க மக்களே. பின்னூட்டத்தில் சொன்னாலும் சரி, தனிப்பதிவாகப் போட்டாலும் சரி. பட்டதாரி கதை நிறைய எழுதியாச்சு, இவங்க கதையை நாமதான் எழுதணும்.