தீபாவளி, பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில் கொள்ளுப் பருப்பு கிட்: என்ன வைக்கலாம், எதைக் கவனிக்கணும்?

தீபாவளி வந்தால் கோவையில் வீட்டுக்கு வீடு கைமாறுவது ஸ்வீட் பாக்ஸ்தான். கம்பெனியில் கொடுத்தது ஒன்று, பக்கத்து வீட்டில் கொடுத்தது ஒன்று, சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது இரண்டு. மூணாவது நாளே "இதை யாருக்காவது குடுத்துடுங்க"ன்னு பாக்ஸ் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

இதற்குக் காரணம் வெறும் சலிப்பு மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பங்களிப்போடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. பரிசு வாங்கும் வீட்டில் ஒருவராவது இனிப்பைத் தொட முடியாதவராக இருப்பது இப்போது சாதாரணம்.

இந்த இடத்தில்தான் கொங்கு சமையலறையின் பழைய சாமான் ஒன்று பரிசுப் பெட்டிக்குப் பொருந்தி வருகிறது: கொள்ளு. கொள்ளுப் பருப்புக்குத் தேவையான உலர்ந்த பொருட்களை அளந்து பாட்டிலில் அடைத்து, செய்முறை அட்டையோடு கொடுப்பதுதான் இந்த கிட். செலவு குறைவு, வேலையும் அதிகம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. விற்பனைக்குச் செய்பவர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

கொள்ளுப் பருப்பு என்பது என்ன?

கொள்ளு என்பது குதிரைக்கும் காளைக்கும் மட்டும் போடும் தீவனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்தில் அது சோற்றில் பிசைந்து சாப்பிடும் பருப்பு.

கொள்ளை ஊற வைத்தோ, லேசாக வறுத்தோ வேக வைப்பார்கள். வெந்ததும் தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்வார்கள். மல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டினால் கொள்ளுப் பருப்பு தயார். முன்பு ஆட்டுக்கல், இப்போது மிக்ஸி. சுடுசோற்றில் போட்டு நெய்யோ நல்லெண்ணெயோ ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

வடித்த தண்ணீர் வீணாகாது. அதுதான் கொள்ளு ரசம். ஒரே வேக்காட்டில் குழம்பும் ரசமும் முடிந்துவிடும்.

இதன் கூடப்பிறந்த மாதிரி இன்னொரு உணவு அரிசிம்பருப்பு சாதம். அரிசியும் துவரம் பருப்பும் ஒன்றாக வேகும் ஒரு பானைச் சாப்பாடு. "இன்னைக்கு என்ன சமையல்?"னு கேட்டு பதில் இல்லாத நாளில் கொங்கு வீடுகளில் வரும் முதல் பதில் இதுதான்.

கொங்கு மண்ணுக்கும் கொள்ளுக்கும் என்ன தொடர்பு?

பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருப்பவை. மழை குறைவு, கிணற்றுத் தண்ணீரும் எப்போதும் கைகொடுக்காது. கொள்ளு வறட்சியைத் தாங்கும் பயிர். மானாவாரி நிலத்தில், மெலிந்த மண்ணிலும் வரும். பயறு வகை என்பதால் வேர் முடிச்சுகள் மூலம் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

இந்தப் பயிரின் வரலாறும் நீளமானது. தென்னிந்தியாவின் புதிய கற்கால அகழாய்வு இடங்களில் கொள்ளு விதைகள் கிடைத்திருக்கின்றன. நவதானியங்களில் ஒன்றாகவும் கொள்ளு இருக்கிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பையூர் 1, பையூர் 2 போன்ற கொள்ளு ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கும் கொள்ளு பெரும்பாலும் தை, மாசி வாக்கில் அறுவடைக்கு வரும். பரிசு கொடுப்பவர்களுக்கு இது முக்கியமான தகவல். தீபாவளிக்குக் கடையில் கிடைக்கும் கொள்ளு பெரும்பாலும் முந்தைய அறுவடையில் வந்தது. பல மாதம் மூட்டையில் இருந்த சரக்கு. வண்டு வரும் வாய்ப்பும் அதிகம், வேகவும் நேரம் எடுக்கும். பொங்கல் முடிந்து வரும் புதுச் சரக்கில் இந்தத் தொல்லை குறைவு.

அதில் என்ன சத்து இருக்கிறது?

100 கிராம் உலர்ந்த கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு, நார்ச்சத்தும் தாராளம். மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது.

அதேசமயம் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் சில பொருட்களும் பச்சைக் கொள்ளில் இருக்கின்றன. ஊற வைப்பது, முளைகட்டுவது, வறுப்பது, நன்றாக வேக வைப்பது ஆகியவை அவற்றைக் குறைக்கும். ஊற வைப்பதை விடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது.

கிட்டில் என்ன வைக்கலாம்?

மூன்று வகையாகச் செய்யலாம்.

1. கொள்ளுப் பருப்பு கிட் (4 பேருக்கு)

ஒரு கண்ணாடி பாட்டிலில் கல் நீக்கிச் சுத்தம் செய்த கொள்ளு 200 கிராம். தனிச் சிறு பொட்டலத்தில் மல்லி விதை 1 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 4 அல்லது 5. இன்னொரு சின்னப் பொட்டலத்தில் தாளிக்கக் கடுகு.

அட்டையில் எழுத வேண்டியது: இரவே கழுவி ஊற வைக்கவும். நான்கு மடங்கு தண்ணீர் விட்டு குக்கரில் 6 முதல் 8 விசில். தண்ணீரை ரசத்துக்கு வடித்து வைக்கவும். மசாலாவை வறுத்து, 10 சின்ன வெங்காயம், 5 பல் பூண்டோடு வதக்கி, கொள்ளு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். கடுகு, கறிவேப்பிலை தாளிக்கவும்.

2. அரிசிம்பருப்பு கிட்

அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர். தனிப் பொட்டலத்தில் மஞ்சள் தூள், சீரகம், மிளகு, காய்ந்த மிளகாய். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு ஆகியவற்றை வாங்குபவர் சேர்த்துக்கொள்வார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளை இதில் வைத்தால் ஊர்ப் பெருமையும் கூடவே போகும்.

3. கொள்ளுப் பொடி

சமைக்க நேரம் இல்லாதவர்களுக்கு இது. வறுத்த கொள்ளு 200 கிராம், உளுத்தம் பருப்பு 50 கிராம், காய்ந்த மிளகாய் 8, பெருங்காயம், உப்பு. சோற்றுக்கும் இட்லிக்கும் ஆகும். பூண்டு சேர்த்தால் மணம் தூக்கும், ஆனால் ஈரம் இருப்பதால் சீக்கிரம் கெடும். பரிசுக்கு என்றால் பூண்டைத் தவிர்ப்பது நல்லது.

"நல்ல நாள் அதுவுமா, இனிப்பு இல்லாம எப்படிங்க?"னு கேட்கும் வீடுகளும் இருக்கும். அவர்களுக்குப் பெட்டியில் நாலு கச்சாயமோ, ஒரு கருப்பட்டித் துண்டோ சேர்த்துவிட்டால் முறையும் தப்பாது.

கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முதல் எதிரி ஈரம். கொள்ளைக் கழுவி அடைக்கக் கூடாது. கல், தூசி பார்த்துப் புடைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்து, முழுக்க ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடிக்கும். பாட்டிலும் ஸ்பூனும் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி வண்டு. கொள்ளில் சிறு ஓட்டைகள் இருந்தால் அந்தச் சரக்கை வாங்கவே கூடாது. நல்ல கொள்ளையும் மூன்று, நான்கு நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முட்டைகள் அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும். பாட்டிலில் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வைப்பது பழைய பழக்கம்.

தானிய மூட்டைக்கு வைக்கும் பூச்சி மாத்திரையை வீட்டுச் சாமானில் போடவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு உயிரைப் பறிக்கக்கூடியது. "ஒரு மாத்திரைதானே"ன்னு அலட்சியம் காட்டக் கூடாத விஷயம் இது.

முழுக் கொள்ளு காற்றுப் புகாத பாட்டிலில் பல மாதம் தாங்கும். வீட்டில் அரைத்த பொடியை ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது பாதுகாப்பு. அட்டையில் அடைத்த தேதியை எழுதுவது அவசியம்.

காசுக்கு விற்றால் சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் எடுத்து காசு வாங்கினால் அது உணவுத் தொழில். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து விற்பவரும் பதிவோ உரிமமோ பெற வேண்டும். பண்டிகைக்கு மட்டும் செய்பவருக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தயாரிப்பாளர் முகவரி, சைவ உணவுக்கான பச்சைக் குறி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் விளம்பரம். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்ற பழமொழி ஊருக்கே தெரியும். அதை வைத்து "15 நாளில் எடை குறையும்", "கிட்னி கல் கரையும்" என்று பாக்கெட்டில் அச்சடிப்பது வேறு கதை. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று உரிமை கொண்டாட விதிகள் அனுமதிப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு இந்தச் சட்டத்தின் 53-வது பிரிவில் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும்.

வாங்குபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

14 இலக்க எண், தேதி, முகவரி மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண் 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் பதிவு. பாட்டிலின் அடியில் மாவு மாதிரி தூள் படிந்திருந்தால் வண்டு அரித்திருக்கலாம். பொடியில் சிக்கு வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

யாருக்குக் கொடுக்கும்போது யோசிக்க வேண்டும்?

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் எவ்வளவு புரதம், எவ்வளவு பொட்டாசியம் சாப்பிடலாம் என்பதில் மருத்துவர் அளவு சொல்லியிருப்பார். கொள்ளில் இரண்டுமே உண்டு. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்பது நல்லது. கிட்னி கல்லுக்குக் கொள்ளுத் தண்ணீர் போதும் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. வயிற்று உப்புசம் உள்ளவர்களுக்கு நன்றாக ஊறி வெந்த கொள்ளைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

சர்க்கரை நோயாளிக்குக் கொள்ளு ஒத்துக்கொள்ளும் என்றாலும், அதைப் பிசைந்து சாப்பிடும் சோற்றுக்குக் கணக்கு உண்டு. பருப்பு கூட, சோறு குறைவு என்பதுதான் சரியான வழி.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது பருப்பு, தானியம், மசாலா எதுவாக இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அபராதம். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைத்தால் கூடுதல் சோதனை நடக்கும். பெரிய பெட்டியில் வைப்பதே நிம்மதி. காங்கேயத்துக் கொப்பரையைக் கூடவே வைக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும்: எண்ணெய் அதிகமாகி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் முழுக் கொப்பரையை விமானத்தில் அனுமதிப்பதில்லை.

எதில் வைத்துக் கொடுக்கலாம்?

ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கண்ணாடி பாட்டிலை மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தால் பாட்டில் ஊறுகாய்க்கும், பை சந்தைக்கும் ஆகும்.

கொள்ளை உழவர் சந்தையிலோ தெரிந்த விவசாயியிடமோ நேரடியாக வாங்கினால் இன்னொரு பலன் உண்டு. தண்ணீர் பார்க்காத காட்டில் கொள்ளு விதைத்தவருக்கு அந்த விலை நேராகப் போய்ச் சேரும். எந்த மாதத்துச் சரக்கு என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிக் காய வைத்துவிட்டால் கடைசி நேர அவசரமும் இருக்காது.