தளர்ந்த ஜெட்: 2015 சான்டா மோனிகா விமான விபத்து குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

2015 மார்ச் 5 அன்று பிற்பகல், கலிபோர்னியாவின் சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானம் ஒன்று கிளம்பியது. அதை ஓட்டியவர் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு. அப்போது அவருக்கு வயது 72. மேலேறிக்கொண்டிருந்தபோதே என்ஜின் வலுவிழந்தது. அருகிலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்தது. இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்த நிலையில் அவர் உயிர் தப்பினார். தரையில் இருந்தவர்களுக்குக் காயமில்லை.

விபத்துச் செய்தி பரவிய வேகத்தில், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டறிந்த காரணம் பரவவில்லை. கிளம்பியவுடன் என்ஜின் நின்ற விபத்துகளில் விமானி என்ன செய்தார் என்பதே முதலில் கேட்கப்படுகிறது. இவ்விபத்தில் அதைவிட முக்கியமான கேள்விகள் பட்டறையைச் சார்ந்தவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. என்ஜின் வலுவிழந்த காரணம்

2.1 கார்புரேட்டரின் பணி

விமானம் ரையன் நிறுவனத்தின் பி.டி.-22 வகையைச் சேர்ந்தது. அமெரிக்கப் படைக்குப் புதிய விமானிகளைப் பழக்குவதற்காக 1940களின் தொடக்கத்தில் உருவானது. முகப்பில் 5 சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த கின்னர் என்ஜின்; அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதனுள் திருகிப் பொருத்தப்பட்ட ஒரு சிறு உறுப்பு. மெக்கானிக்குகள் அதை மெயின் ஜெட் என்பார்கள். அளவிட்டுத் துளைக்கப்பட்ட அதன் துளை வழியாக மட்டுமே எரிபொருள் செல்லவேண்டும்.

விபத்துக்குப் பின் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஜெட் தன் இருக்கையிலிருந்து கழன்று 90 பாகை திரும்பிக் கிடந்தது. அளவுக்கு மீறிய பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது. காற்றைவிட எரிபொருள் மிகுந்த கலவை சரியாக எரியாது, என்ஜின் வலுவிழக்கும்.

2.2 எழுதப்படாத விதி

ஜெட் ஒரே நாளில் கழன்றிருக்க வாய்ப்பில்லை. காலப்போக்கில் சிறிது சிறிதாகத் தளர்ந்திருக்கலாம் என்றே வாரியம் கருதியது. அந்தக் கார்புரேட்டர் புதுப்பிக்கப்பட்டு ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அதன்பின் எப்படிப் பராமரிக்கவேண்டும், ஜெட்டை எப்போது சோதிக்கவேண்டும் என்பதற்குப் பராமரிப்புக் கையேட்டில் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. கையேட்டின்படி ஒழுங்காக வேலை பார்க்கும் நேர்மையான மெக்கானிக்கும் இதைத் தவறவிட்டிருப்பார். எனக்கு இவ்விபத்தில் மிகவும் கவலை தருவது இதுதான். வெளிப்புறச் சோதனையில் தெரியாத இடத்தில் குறை இருக்கும்போது, பறப்பதற்கு முன் விமானி எத்தனை முறை விமானத்தைச் சுற்றிவந்தாலும் பயனில்லை.

3. திரும்பும் முயற்சி

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் என்ஜின் வலுவிழந்தது. உடனே திரும்பி இறங்க அனுமதி கேட்ட விமானி இடப்பக்கம் திருப்பினார். ஓடுபாதையை எட்ட முடியாது என்று உணர்ந்ததும் கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தார். இறங்கும் வழியில் விமானம் உயரமான ஒரு மரத்தின் உச்சியில் மோதியது.

அவர் மணிக்கு 85 மைல் வேகத்தைக் காத்துக்கொண்டார். அந்த வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பினால், எதிர்த்திசையை நோக்க 21 வினாடி பிடிக்கும். அதற்குள் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து சுமார் 500 மீட்டர் விலகியிருக்கும். மீண்டும் கோட்டுக்கு வர மேலும் திரும்பவேண்டும். இதற்கெல்லாம் செலவாவது உயரம். 45 பாகை சாய்ந்தால் நேரம் 12 வினாடியாகக் குறையும். ஆனால், உயரத்தை இழக்காமல் சீராகத் திரும்பும்போது, சிறகு தூக்கும் திறனை இழக்கும் வேகம் 19 விழுக்காடு கூடிவிடும். 60 பாகையில் 41 விழுக்காடு. ஓடுபாதை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் விமானி மூக்கை உயர்த்தி, இன்னும் கூர்மையாகத் திருப்பத் தூண்டப்படுகிறார். அப்போது வேகம் குறைந்து, ஒரு சிறகு முதலில் தூக்கும் திறனை இழந்தால், விமானம் சுழன்று விழும். தாழ்ந்த உயரத்தில் அதிலிருந்து மீள்வது அரிது. அதனால்தான் பயிற்சி ஆசிரியர்கள், போதிய உயரமில்லாவிட்டால் எதிரே இருக்கும் வெளியில் இறங்கு என்று வலியுறுத்துகிறார்கள். சான்டா மோனிகாவிலோ நிலையத்தைச் சூழ்ந்து நிற்பவை வீடுகள்.

தொடங்கிய திருப்பத்தை முடித்தே தீரவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. கட்டுப்பாட்டில் இருந்த விமானம் திறந்தவெளியை அடைந்ததற்கு அதுவே காரணம். என் மதிப்பீட்டில், திரும்ப முயன்றதைவிட அந்த முயற்சியை உரிய நேரத்தில் கைவிட்டதே அவரது விமானத் திறமைக்குச் சான்று.

4. காயம் கடுமையான காரணம்

விசாரணையின் இன்னொரு முடிவு தோள் வாரைப் பற்றியது. முன்னோக்கி எறியப்படும் உடலைத் தடுப்பது அதன் வேலை. இந்த விமானத்தில் அது இருக்கையின் முதுகுப்பகுதியில், வலுவூட்டும் அமைப்பு ஏதுமின்றிப் பொருத்தப்பட்டிருந்தது. மோதலின்போது போல்ட்டும் வாஷர்களும் நட்டும் இருக்கையின் முதுகுப்பகுதியைப் பிய்த்துக்கொண்டு வெளிவந்தன. காயம் கடுமையானதற்கு இதுவும் ஒரு காரணம் என்றது வாரியம்.

பழைய விமானங்களைப் புதுப்பிப்போர் மூல உருவத்தைக் காப்பதில் காட்டும் அக்கறை போற்றத்தக்கதே. ஆனால் தோள் வார் உருவத்துக்காக இருப்பதல்ல. அதைப் பொருத்தும்போது, உடலின் எடை எந்த உலோகத்தின் மீது வந்து விழும் என்று கணக்கிட்டாக வேண்டும். ஜெட்டைப் பொறுத்தவரை, கின்னர் என்ஜினைச் செய்த நிறுவனம் மறைந்து வெகுகாலமாகிவிட்டது. கையேட்டில் விடுபட்டதை அந்த நிறுவனம் இனி எழுதித் தரப்போவதில்லை. இவ்வகை விமானங்களை இன்னும் பறக்கவிடும் உரிமையாளர்களும் அவற்றுக்குச் சான்றளிக்கும் மெக்கானிக்குகளும், ஜெட்டுக்கும் வாருக்குமான சோதனைக் காலக்கெடுவைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.