வெள்ளையா, புழுங்கலா? கோலாலம்பூர்த் தமிழரின் இதயமும் அரிசி மூட்டையும்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "வெள்ளையா, புழுங்கலா?" பெரும்பாலோர் யோசிக்காமல் வெள்ளை என்பார்கள். அண்மையில் கிளினிக் போய் வந்தவர்கள் சற்றுத் தயங்கிப் புழுங்கல் என்பார்கள். இதே கோலாலம்பூரில் ஒரு காலத்தில் இந்தக் கேள்வி உயிரோடு விளையாடிய கேள்வி.

இதய நலம் பற்றி நம் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் நடத்தும் உரைகள் ஏறக்குறைய எல்லாமே "வாயைக் கட்டுங்கள்" என்றுதான் முடிகின்றன. நோயாளியின் நாக்கே குற்றவாளி. இந்த ஊரின் மருத்துவ வரலாறு சொல்வதோ வேறு. இதயத்தைக் காத்ததும் கெடுத்ததும் இங்கே பெரும்பாலும் சமையலறைக்கு வந்து சேர்ந்த மூட்டைதான். அந்த மூட்டையைத் தேர்ந்தெடுத்தவர் எப்போதும் உண்பவராக இருந்ததில்லை.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு விடுதிக்கும், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கு விடுதிக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டடம், ஒரே மாதிரிக் குழம்பு, காய். அரிசி மட்டும் வேறு. கிழக்கே சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, மேற்கே வங்காளப் புழுங்கல். ஏறத்தாழ ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. முடிவுகள் 1907இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. வாய்விட்டுச் சம்மதம் சொல்ல முடியாத மனிதர்கள் மீது நடத்தப்பட்ட சோதனை இது. அதன் அறிவியல் பயனை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பெரிபெரியை நரம்பு நோய் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அதன் ஈர வகை இதயத்தைத் தாக்கும். கால் வீங்கும், மூச்சு இரைக்கும், இதயம் பருத்துத் தளரும், சிலருக்கு ஓரிரு நாளிலேயே நின்றுவிடும். காரணம் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு. தவிட்டில் இருக்கும் அந்தச் சத்து, ஆலையில் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ அதில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. பிளெட்சருக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வழியில்லை. 'வைட்டமின்' என்ற சொல் பிறந்ததே 1912இல்தான்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன், மலாயாவில் பெரிபெரி சீனத் தொழிலாளரை அள்ளிக்கொண்டு போவதையும் தமிழரைப் பெரும்பாலும் விட்டுவிடுவதையும் கண்டார். தமிழனின் உடல்வாகு அப்படி என்று சொல்லிவிடுவது எளிது. பிராடன் தட்டைப் பார்த்தார். சீனர் உண்டது கப்பலில் வந்த பழைய வெள்ளரிசி, மலாய்க்காரர் உண்டது தாங்களே அவ்வப்போது குத்திய அரிசி, தமிழர் உண்டது புழுங்கல். பழைய வெள்ளரிசியில் நஞ்சு இருக்கிறது என்று அவர் கருதியது தவறு. ஆனால் கையை வைத்த இடம் சரி. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909இல் அரிசிதான் காரணம் என்பதை உறுதிசெய்தார்கள்.

இதில் தமிழர் பெருமை பேச ஒன்றுமில்லை. தோட்டத் தமிழருக்குத் தயமினும் தெரியாது, இதயக் காப்பும் தெரியாது. ஊரில் புழுங்கல் தின்று வளர்ந்தவர்கள், கப்பல் அதையே கொண்டுவந்து போட்டது. அதே தோட்டங்களில் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். "பாட்டன் காலத்து உணவு" என்ற ஏக்கத்துக்கு இந்த வரலாறு இடம் கொடுப்பதில்லை. ஒருவர் அறியாமலே, விரும்பாமலே, மன உறுதி ஏதும் இல்லாமலே அவருடைய இதயம் காக்கப்படலாம் என்பதை மட்டும் அது காட்டுகிறது.

சொற்களிலும் ஒரு தடயம் கிடக்கிறது. தமிழ்நாட்டில் இணை பச்சரிசியும் புழுங்கலரிசியும். அங்கே பல வீடுகளில் பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும், அன்றாடத்துக்குப் புழுங்கல். மலேசியத் தமிழில் அந்த இணை 'வெள்ளை, புழுங்கல்' என்றாகிவிட்டது. இங்கே சோறு என்றாலே வெள்ளை. புழுங்கலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்றைய நோய் பெரிபெரி அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்புநீர் இதய நாளங்களின் முதல் எதிரி என்பதை விளக்க வேண்டியதில்லை. உடனே வரும் பதில் "நம்ம மரபணு அப்படி". அதில் உண்மை உண்டு. தெற்காசியருக்கு மாரடைப்பு மற்றவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதை 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வு 2004இல் சொன்ன பெரிய செய்தி, முதல் மாரடைப்புக்கான அபாயத்தின் பெரும்பகுதியை மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்பது. தினமும் காய்கனி உண்ணாமை அவற்றில் ஒன்று. ரப்பர்ப் பால் வெட்டப் பொழுது விடியுமுன் மரம் மரமாக நடந்தவரின் பேரன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார், அல்லது பன்னிரண்டு மணிநேரம் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். மரபணு அதே மரபணுதான்.

அப்படியானால் புழுங்கலுக்கு மாறினால் போதுமா? போதாது. புழுங்கல் சர்க்கரையை ஓரளவு மெதுவாக ஏற்றும், அதுவும் வகைக்கு வகை மாறும். மலைபோல் குவித்துத் தின்றால் அந்த நன்மையும் கரைந்துவிடும். பிளெட்சரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அரிசியை அல்ல, அவர் பார்த்த கோணத்தை.

அந்தக் கோணத்தில் இன்றைய மூட்டையைப் பார்ப்போம். மலேசியாவில் விலைக்கட்டுப்பாடோ மானியமோ பெறும் அன்றாட உணவுப் பொருள்களில் முன்னிற்பவை உள்நாட்டு வெள்ளரிசி, சீனி, இரண்டரை ரிங்கிட் பாக்கெட்டில் வரும் செம்பனை எண்ணெய். அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. பருப்புக்கும் கீரைக்கும் நல்லெண்ணெய்க்கும் ஆண்டு முழுதும் அந்தச் சலுகை இல்லை. புழுங்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. 2023 ஆகஸ்டில் இந்தியா அதன் ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. அந்த வரி அடுத்த ஆண்டுதான் நீங்கியது. ஏழை வீட்டில் எது மலிவோ அதுதான் உலையில் ஏறும். அதை நாக்கின் குற்றம் என்பது கணக்குத் தெரியாத பேச்சு. மானியத்தை ஒரேயடியாக எடுத்துவிடு என்பதல்ல என் வாதம், அப்படிச் செய்தால் அதே வீடுதான் பட்டினி கிடக்கும். அந்த வரிசையில் பருப்பையும் சேர்க்கலாம் என்பதே.

சீனியிலும் இதே கதை. 2019 ஜூலையில் வந்த சீனி வரி, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள, போத்தலில் அடைத்த பானங்களைப் பிடித்தது. கடையில் கெட்டிப்பாலைச் சரித்து ஊற்றி ஆற்றும் தே தாரேக் அதில் அகப்படவில்லை. குடிப்பவர்தான் ஒவ்வொரு தடவையும் "குராங் மானிஸ்", இனிப்பைக் குறை, என்று சொல்லவேண்டும். தைப்பூசத்தில் பத்துமலைக்கு நடந்தால் பந்தல்தோறும் நீட்டப்படும் சிராப்பை மறுப்பது இன்னும் கடினம். தண்ணீர்ப் பந்தலில் மறுத்தால் புண்ணியத்தைத் தட்டிவிட்டதாக ஆகிவிடும். ஊற்றிக் கொடுப்பவரின் முகம் வாடும்.

அடுத்தவர் சமைத்துப் போடும் இடங்கள்தாம் இன்று பிளெட்சரின் விடுதிகள்: அன்னதானக் கூடம், பள்ளிச் சிற்றுண்டிச் சாலை, திருமண மண்டபம், கிள்ளான் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடை. அங்கே ஒரு கரண்டியின் அளவை மாற்றினால் நூறு பேரின் தட்டு மாறும். யாரும் நூறு பேரைக் கூப்பிட்டு உபதேசம் செய்யவேண்டாம்.

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு தட்டுப் படத்தை வைத்திருக்கிறது. கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கனி. அந்தப் படத்தை வாழையிலை மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். நடு இலை முழுக்கச் சோறு, மேல் ஓரத்தில் கைப்பிடிக்கும் குறைவாக முட்டைக்கோசுப் பொரியல், ஒரு பூசணித் துண்டு, பாகற்காய் வறுவல் நான்கு. காய்க்கும் மறுபரிமாறல் உண்டு, தனிக்காசு கேட்பதும் அரிது. ஆனால் சோற்று வாளி வரிசை வரிசையாகத் தானே வந்து நிற்கும். காய் வேண்டுமென்றால் கையைத் தூக்கி, "அண்ணே, இங்க கொஞ்சம் காய்" என்று குரல் கொடுக்கவேண்டும். மதிய நெரிசலில் அந்தக் குரல் பாதி நாள் யார் காதிலும் விழுவதில்லை.