ஆலய நிலமும் ஆட்சிக்குழுவும்: பேராக்கில் ஒற்றுமைப் பொறுப்பின் வரலாறு

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்திற்குத் தலைநகராய் விளங்கும் தாப்பா, ஈயமும் பால்மரமும் பல இன மக்களை ஒன்றுகூட்டிய ஊர்களுள் ஒன்றாகும். மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோருடன் மலைச்சாரலில் வாழும் செமாய்ப் பூர்வகுடியினரும் இவ்வட்டாரத்தின் மக்களாவர். 1893ஆம் ஆண்டிலேயே தாப்பா ரோட்டிற்கும் அந்நாளைய தெலுக் அன்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் பின்னர் பெருகிய ரப்பர் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர், லயத்துக்கு அருகிலேயே ஒரு மரத்தடியில் சூலத்தை நட்டு வழிபாட்டைத் தொடங்கினர். நிலம் துரையினுடையது, கோயில் தொழிலாளருடையது. பட்டா எங்கே என்று அக்காலத்தில் எவரும் கேட்டாரில்லை. பிற்காலத்தில் தோன்றிய ஆலயச் சிக்கல்கள் பலவற்றிற்கும் வித்து அங்குதான் ஊன்றப்பட்டது.

இத்தகைய மக்களின் குறைகளை ஆட்சிபீடத்தில் எடுத்துரைத்தவர் யாவர்? 1877ஆம் ஆண்டில் பேராக் மாநில மன்றம் அமைக்கப்பட்டபோது மலாய்ப் பெருமக்களோடு சீனக் கப்பித்தான்கள் ஆ குவீயும் ஆ யாமும் அதில் இடம் பெற்றனர். தமிழர் ஒருவரும் அதில் இல்லை. 1923 முதல் ஜப்பானியர் வரும் வரையில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து வந்தார் எனினும், அவர் வேற்றரசின் அலுவலரேயன்றி இந்நாட்டு ஆட்சியில் பங்குடையவர் அல்லர்.

இன நல்லிணக்கம் என்பது ஓர் அரசாங்கப் பணியாக உருவெடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1949இல் அமைந்த சமூகத் தொடர்புக் குழுவில் மலாய், சீன, இந்தியத் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழ் மரபினரான இ. இ. சி. துரைசிங்கம் ஆவார். பெரிய இரு சமூகங்களுக்கிடையே நடுவர் வேலை ஒரு சிறுபான்மைத் தமிழருக்கு வாய்த்தமை தற்செயலன்று. எண்ணிக்கையில் சிறியோரைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லையல்லவா!

1969 மே 13ஆம் நாள் நிகழ்ந்த இனக்கலவரம் நாட்டையே உலுக்கியது. 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. 1972இல் தேசிய ஒற்றுமை அமைச்சு தோற்றுவிக்கப்பட்டபோது அப்பொறுப்பை ஏற்றவர் பேராக் மண்ணின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், தொழில், சுகாதாரம், பொதுப்பணி முதலிய அமைச்சுகளை முன்னரே வகித்தவர். வெள்ளையர் தோட்டங்களை விற்றுச் சென்றபோது அவை துண்டாடப்படுவதைக் கண்டு மனம் வருந்தி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. தோட்டம் துண்டானால் லயமும் பள்ளியும் கோயிலும் உடன் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1974இல் அமைச்சு தேசிய ஒற்றுமை வாரியமாக மாற்றப்பட்ட பின்னரும், 1979 மே மாதம் மறையும் வரையில் அவரே அதன் தலைவராய்த் திகழ்ந்தார். குடியிருப்புகள்தோறும் இரவுக்காவல் புரிந்த ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கப்பட்டது அக்காலத்திலேதான்.

எனினும் கூட்டரசு அமைச்சரின் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும், ஊராட்சியும், இடுகாடு சுடுகாடுகளும் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஒவ்வொரு சமயப் பிரிவினரும் தத்தம் சமய விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும் சொத்து வைத்திருக்கவும் 11ஆம் விதி உரிமை தருகின்றது. ஆனால் அச்சொத்துக்குரிய நிலத்தை ஒதுக்க வேண்டியது மாநில அரசாங்கம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பொதுநோக்கத்திற்காக அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிட வழி செய்கின்றது. ஆகவே ஆலயம் ஒன்றின் மனு, மாவட்ட நில அலுவலகத்தில் தொடங்கி ஈப்போவில் கூடும் ஆட்சிக்குழுவின் மேசைக்குச் சென்றாக வேண்டும். சங்கப் பதிவு இலாகாவில் நிர்வாகக் குழுவைப் பதிவு செய்வது வேறு. நிலத்திற்கு உரிமை பெறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாந்தவர் பலர்.

மந்திரி பெசாருடன் நால்வருக்குக் குறையாமலும் பதின்மருக்கு மேற்படாமலும் அமையும் அவ்வாட்சிக்குழுவில், இந்திய சமூகத்திற்கும் ஒற்றுமைக்கும் பொறுப்பேற்கும் உறுப்பினரே நடைமுறையில் மாநில அமைச்சர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா போன்ற மாநிலங்களில் பன்முகப் பண்பாட்டு விவகாரங்களுக்கென அமைச்சரும், அவருக்குத் துணையாகச் சட்டப்படியான ஆணையமும் உண்டு. பினாங்கில் ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்தின் வழிவந்த இந்து அறப்பணி வாரியம் உண்டு. சிலாங்கூரில் 2008இல் இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கென ஆட்சிக்குழு உறுப்பினர்களைக் கொண்ட செயற்குழு அமைக்கப்பட்டது. பேராக்கிலோ பினாங்கைப் போன்ற அறப்பணி வாரியம் இல்லாமையால், பொறுப்பாளரின் ஊக்கத்தையும் மந்திரி பெசாரின் செவிசாய்ப்பையுமே ஆலயங்கள் நம்பியிருந்தன. ஆட்சி மாறினால் கோப்பு மீண்டும் முதற்படிக்கு வரும். 2008இல் அமைந்த மாநில ஆட்சி ஓராண்டு நிறைவதற்குள் 2009 பிப்ரவரியில் கவிழ்ந்தது இதற்கு ஒரு சான்று.

தாப்பாவை அடுத்துள்ள சுங்காயின் சட்டமன்ற உறுப்பினராக 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அ. சிவநேசன் அவ்வாண்டில் ஆட்சிக்குழுவில் இடம் பெற்றார். 2018இல் மீண்டும் பொறுப்பேற்றார். 2020இல் அவ்வாட்சியும் மாறிற்று. 2022இல் அமைந்த ஆட்சிக்குழுவில் மனிதவளம், சுகாதாரம் ஆகியவற்றுடன் இந்திய சமூக விவகாரமும் தேசிய ஒருமைப்பாடும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே மனிதர் மும்முறை அமர்ந்தும், இடையிடையே நாற்காலி கைமாறிய வரலாறு இது.

அரசிதழில் ஒருமுறை ஏறிவிட்ட நிலம், ஆட்சிக்குழு மாறுவதனால் மட்டும் பறிபோவதில்லை. அவ்வொதுக்கீட்டை நீக்கவும் சட்டத்தில் தனி நடைமுறை உண்டு. ஆதலால் விழாக்கால வருகையின்போது மாலையும் பொன்னாடையும் பெறும் ஆட்சிக்குழு உறுப்பினரிடம், நில வரைபடம், நிர்வாகக் குழுவின் பதிவுச் சான்றிதழ், பழைய தோட்ட நிர்வாகத்தின் கடிதம் எதுவாயினும் அதன் நகல் ஆகியவற்றையும் ஒருங்கே கையளித்தல் ஆலய நிர்வாகிகளின் கடமையாகின்றது. அடிக்கல் நாட்டுவதற்கு முன்னரே இது நடந்தேற வேண்டும். கும்பாபிஷேகம் முடிந்த பின்னர் நிலத்தைத் தேடி அலைந்த ஆலயங்கள் பேராக் மாநிலத்தில் குறைவல்ல.