படுத்துக்கொள்ளும் கம்பம்

கம்பியில்லாத் தந்தியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் அலைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். ஈதர் என்கிறார்கள், மின்காந்தம் என்கிறார்கள். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் காதில் வாங்கியதை மெய்சிலிர்க்க வர்ணிக்கிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கண் போகிற இடம் வேறு. அலையைப் பிடிக்க ஒரு கம்பி உயரத்தில் தொங்க வேண்டுமே! அந்தக் கம்பியைத் தாங்க ஏதாவது ஒன்று மேலே நிற்க வேண்டுமே! அட்லாண்டிக் அதிசயத்தன்று கூட, நியூபௌண்ட்லாந்துக் குன்றின் மேல் அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்தது ஒரு காற்றாடிதான். விஞ்ஞானம் ஒரு முனையில்; மறு முனையில் குழந்தைகள் விளையாடும் பட்டம்.

கம்பத்தின் உயரத்தை இரட்டித்தால் செய்தி போகும் தூரம் நான்கு மடங்காகும் என்று மார்க்கோனி ஒரு கணக்கு வைத்திருந்தார். கப்பல்காரர்களுக்கு இதனால் கவலையில்லை. அவர்களிடம் பாய்மரம் தயாராக இருந்தது. தரையில் போகும் சேனைக்குத்தான் தர்மசங்கடம். தூரத்துக்குப் பேச வேண்டுமானால் நெடுங்கம்பம் வேண்டும். நெடுங்கம்பத்தை நட்டுவிட்டால் நகர முடியாது. நகராத சேனையோ சீக்கிரத்தில் சேனையாகவே இருக்காது.

இந்தச் சங்கடத்தை முதலில் அனுபவித்துப் பார்த்தவர்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போன ஆறு என்ஜினீயர்கள். 1899 இல் போயர் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் யுத்த இலாகா மார்க்கோனியிடம் கருவிகளைக் கேட்டது. கருவிகளும் ஆட்களும் கேப்டவுனில் போய் இறங்கினார்கள். ராயல் என்ஜினீயர்ஸ் படையைச் சேர்ந்த காப்டன் கென்னடி அவர்களுக்குத் தலைவர். கருவிகளை மாட்டு வண்டி, குதிரை வண்டிகளில் ஏற்றி டே ஆர், ஆரஞ்சு நதி, மாடர் நதி என்று போர்முனையை நோக்கிக் கொண்டு போனார்கள். எல்லாம் இருந்தது, கம்பம் மட்டும் இல்லை! கம்பம் உள்ளூரில் கிடைக்கும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். கிடைத்தது மூங்கில். அந்தப் பொட்டல் வெளியின் வறண்ட காற்றில் மூங்கில்கள் வெடித்துப் பிளந்தன. பிறகு காற்றாடி விட்டுப் பார்த்தார்கள். மெபிகிங் நகரை முற்றுகையில் காத்து நின்ற பேடன் பவலின் தம்பி, மேஜர் பேடன் பவல், காற்றாடி வித்தையில் நிபுணர்; அவர் கைகொடுத்தார். காற்றடித்தால் செய்தி, காற்று ஓய்ந்தால் மௌனம். சில மைல்களுக்கு அப்பால் கிம்பர்லி நகரம் முற்றுகையில் கிடந்தது. உள்ளே பசி. வெளியே பேசத் தெரிந்த யந்திரம், பேச முடியாமல்.

1900 இன் தொடக்கத்திலேயே ராணுவம் பொறுமையிழந்து கருவிகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. கடற்படை அவற்றை வாங்கி டெலகோவா விரிகுடாவில் காவல் நின்ற கப்பல்களில் மாட்டியது. அங்கே அதே கருவிகள் சொன்னபடி கேட்டன. பாய்மரம் இருந்ததே! மார்க்கோனி லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் பேசியபோது, பழி கருவியின் மேல் இல்லை என்று வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே என் அபிப்பிராயம்.

வாதாடியதோடு அவர் சும்மா இருந்துவிடவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தின் வாயிலில் ஹேவன் ஹோட்டல் என்று ஒன்று உண்டு. அங்கேதான் அவருடைய பரிசோதனைச் சாலை. 1901 இல் அந்த ஹோட்டல் வாசலில் ஒரு விசித்திர வாகனம் வந்து நின்றது. தார்னிகிராப்ட் கம்பெனியார் செய்த நீராவி வண்டி அது. பெட்ரோல் மோட்டாரை நம்பிப் பாரம் ஏற்றத் துணியாத காலம். கரி போட்டுக் கொதிகலனைக் காய்ச்சித்தான் ஓட்ட வேண்டும். அந்த வண்டியின் கூரை மேல் மார்க்கோனி ஓர் உலோக உருளையை வைத்தார். ஆறு ஏழு மீட்டர் உயரம், அதாவது இருபது அடிக்குக் குறையாது. அந்தக் காலத்துப் போட்டோவைப் பார்த்தால், ஏதோ பஞ்சாலைப் புகைபோக்கி ஒன்று வழி தவறி பஸ்ஸின் மேல் ஏறிக்கொண்டதோ என்று தோன்றும்.

இதில் விசேஷம் உருளையின் அடியில் இருந்த கீல். வண்டி புறப்படும்போது உருளையைச் சாய்த்துக் கூரையோடு கூரையாகப் படுக்க வைத்துவிடலாம். நின்றதும் நிமிர்த்திக்கொள்ளலாம். குழி தோண்ட வேண்டாம், முளை அடிக்க வேண்டாம், காற்றை எதிர்பார்த்து ஆகாசத்தைப் பார்க்க வேண்டாம். மண்ணோடு தொடர்பு வேண்டுமே என்றால், ஒரு கம்பிவலையைத் தரையில் விரித்தால் போதும். பாட்டரிகளில் மின்சாரம் குறைந்தால் வண்டியின் என்ஜினே ஒரு சிறு டைனமோவைச் சுழற்றி நிரப்பிவிடும். செலவான மின்சாரம் ஏறக்குறைய நூறு வாட்; ஒரு சாதாரண பழைய குண்டு பல்புக்கு ஆகிற அளவு. அதைக்கொண்டு பல மைல் தூரத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்.

கீல் என்ன பெரிய விஷயம், நம் வீட்டுக் கதவில் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். வாஸ்தவம். ஏற்றம் இறைத்த நம் பாட்டன்மாருக்கு நிமிர்ந்து சாயும் மரத்தின் சூட்சுமம் அத்துபடி. தேம்ஸ் நதியில் பாரம் ஏற்றும் பாய்ப்படகுக்காரர்களும் பாலத்தடியில் வரும்போது பாய்மரத்தை மடக்கிச் சாய்த்து, தாண்டியதும் தூக்கிக்கொள்வது வழக்கம். அந்த வண்டியைச் செய்த தார்னிகிராப்ட் கம்பெனியும் அதே நதிக்கரையில், சிஸிக்கில், படகு கட்டி வளர்ந்த கம்பெனிதான். கிழவர்களின் கைவழக்கம் ஒன்றும் நேற்றுப் பிறந்த விஞ்ஞானம் ஒன்றும் ஒரே கூரையின் மேல் சந்தித்துக்கொண்டதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ராணுவ தர்பார்களுக்கு அவசரம் கிடையாது. 1914 இல் மகாயுத்தம் வந்தபோதும் எல்லாச் சேனைகளிலும் கம்பியில்லாத் தந்தி பெரும்பாலும் குதிரைகளின் முதுகிலும் குதிரை வண்டிகளிலுமே போயிற்று. நிறுத்து, கம்பத்தை ஏற்று, பேசு, இறக்கு, கட்டு, புறப்படு. ஜெர்மானியக் குதிரைப் படையில் அப்படி ஒரு கனத்த நிலையத்துக்குத் தலைமை வகித்த இளம் லெப்டினன்ட் ஒருவர் இருந்தார். ஹைன்ஸ் குடேரியன் என்று பெயர், பின்னால் வருவார். மார்ன் நதிச் சண்டையில் முன்னணிச் சேனைகளிலிருந்து லக்ஸம்பர்க்கிலிருந்த தலைமை நிலையத்துக்குச் செய்திகள் பல மணி நேரம் தாமதித்து வந்தன. சில புரியாமலே வந்தன. என்ன நடக்கிறது என்று தெரியாமல் மோல்ட்கே தவித்தார். கடைசியில் செப்டம்பர் 8-ந் தேதி லெப்டினன்ட் கர்னல் ஹென்ட்ஷ் என்ற ஒற்றை மனிதரை மோட்டாரில் ஏற்றி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். அவர் போனார், பார்த்தார். மறுநாள் ஜெர்மானிய வலது அணி பின்வாங்கத் தொடங்கியது. அந்த முடிவு சரியா தவறா என்று சரித்திராசிரியர்கள் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். லட்சக்கணக்கான சேனைகளின் தலைவிதியை, ஒரு மோட்டார் காரின் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் சுமந்துகொண்டு போக நேர்ந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பேச முடியாத வண்டியோடு அலைந்த குடேரியன் அதை மறக்கவில்லை. டாங்கிப் படையை உருவாக்கும் பொறுப்பு வந்தபோது, ஒவ்வொரு டாங்கிக்கும் குறைந்தபட்சம் செய்தி கேட்கும் கருவியாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்குள் அலையின் நீளம் குறைந்திருந்தது. பத்து மீட்டர் அலைக்கு இரண்டு மீட்டர்த் தண்டு ஏறக்குறையப் போதும். இருபது அடி உருளை ஒரு பிரம்பாகச் சுருங்கிவிட்டது. அப்படியும் பழைய பிரச்னை விடவில்லை! டாங்கியின் பக்கத்தில் தண்டு நிமிர்ந்து நின்றால், பீரங்கிக் கோபுரம் திரும்பும்போது குழல் அதில் இடிக்கும். ஆகவே அதற்கும் ஒரு கீல். வேண்டாதபோது பின்பக்கம் சாய்ந்து, பக்கவாட்டில் பொருத்திய மரத் தொட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆரம்ப காலத்துப் பான்ஸர் நான்கில் குட்டைப் பீரங்கியின் கீழே வளைந்த கம்பி ஒன்றையும் மாட்டியிருந்தார்கள். கோபுரம் சுற்றும்போது அது தண்டைத் தானே தள்ளிச் சாய்க்கும். நெருக்கடியான சமையலறையில் அடுப்பைப் பார்த்தபடியே முழங்கையால் அலமாரிக் கதவை ஒதுக்குகிற தாயாரைப் போல.

1940 மே மாதத்தில் இதன் பலன் தெரிந்தது. எதிரே இருந்த பிரெஞ்சு டாங்கிகளில் பலவற்றின் கவசம் தடிமனானது. ஆனால் ரெனோ போன்ற சிறிய டாங்கிகள் அநேகம் ஊமைகள். அவற்றின் தலைவர்கள் கொடி காட்டித்தான் ஒருவரோடொருவர் பேச வேண்டும். புகைக்கும் தூசிக்கும் நடுவில் கொடியை யார் பார்ப்பது? பிரெஞ்சுச் சேனாதிபதி கமெலான் இருந்த வின்சேன் கோட்டையிலேயே ரேடியோ கிடையாது. குடேரியனோ தம் கவச வண்டிக்குள் ஆன்டெனாச் சட்டத்தின் கீழ் நிற்கிறார். பக்கத்தில் ரகசிய எழுத்து யந்திரமான எனிக்மா. அந்தப் போட்டோ மிகவும் பிரசித்தம். யுத்தத்தை அது ஒன்றே ஜெயித்தது என்று சொன்னால் மிகை. அது இல்லாமல் அந்த வேகம் வந்திராது.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு சாபம் இருந்தது. பார்க்க இரும்புக் கட்டிலைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். இதுதான் தலைவனுடைய வண்டி என்று எதிரி பீரங்கிக்காரனுக்கு ஒரு மைலிலிருந்தே தெரியும். அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண எனக்குத் துணிவில்லை. 1942 வாக்கில் அதைக் கழற்றிவிட்டு, நுனியில் நட்சத்திரம்போல் விரியும் மெல்லிய தண்டுக்கு மாறினார்கள்.

யுத்தம் முடிந்து டெலிவிஷன் வந்தது. செய்தி வண்டிகளின் கூரை மேல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய குழாய்க் கம்பங்கள் ஏறின. அழுத்திய காற்றைச் செலுத்தினால் மளமளவென்று ஐந்து மாடி உயரத்துக்கு நீளும். காற்றை விட்டால் உள்ளே இறங்கிவிடும். சௌகரியம்தான். ஆனால் கீழிருந்து விசையைத் தட்டுகிறவன் மேலே பார்க்க மறந்தால்? 2000 மே மாதம் ஹாலிவுட்டில் அப்படி உயர்ந்த ஒரு கம்பம் மின்சாரக் கம்பியைத் தொட்டது. வண்டியிலிருந்த பெண் நிருபர் உயிர் பிழைத்தார். கையையும் காலையும் பறிகொடுத்தார்.

நம் ஊரில் தேரோட்டத்தன்று முன்னால் ஆட்கள் போய் மின்கம்பியை அவிழ்த்து வழிவிடுவார்கள். செய்தி வண்டிக்கு முன்னால் போக யார் இருக்கிறார்கள்? அதனால் இப்போதெல்லாம் கம்பத்தின் நுனியிலேயே மின்சாரத்தை மோப்பம் பிடிக்கும் கருவியை வைக்கிறார்கள்; விசைக்குப் பக்கத்தில் 'மேலே பார்' என்று ஒட்டுகிறார்கள். கம்பம் முழுதும் இறங்கி உட்காராதவரை கியர் விழாதபடி ஒரு பூட்டும் உண்டு. அவசரத்தில் அந்தப் பூட்டை ஏமாற்ற வழி கண்டுபிடிக்கிற டிரைவர்களும் உண்டு.