வாசலுக்கு வெளியே நின்ற கார்கள்

1955ஆம் ஆண்டு ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. தெற்குக் கலிஃபோர்னியாவின் அனஹைம் என்னும் சிற்றூரை நோக்கிச் செல்லும் சாண்டா ஆனா விரைவுச்சாலையில் ஏழு மைல் நீளத்துக்குக் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றதாக அந்நாளைப் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியிருந்தது. அதே வேளையில் ஏபிசி தொலைக்காட்சியில், பின்னாளில் அமெரிக்க அதிபரான நடிகர் ரொனால்டு ரீகன் உள்ளிட்ட மூவர், டிஸ்னிலாண்டு என்னும் புதிய கேளிக்கைப் பூங்காவின் திறப்பு விழாவை நேரலையில் வர்ணித்துக்கொண்டிருந்தனர். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தவர்களுக்குப் பூங்கா முழுமையாகத் தெரிந்தது. அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவர்களில் பலருக்கோ முன்னால் நின்ற காரின் பின்புறம் மட்டுமே தெரிந்தது.

அன்றைய குளறுபடிகள் பலமுறை சொல்லப்பட்டவை. போலி நுழைவுச்சீட்டுகள் புழங்கியதால் எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்குக் கூட்டம், சுமார் 28,000 பேர், உள்ளே நுழைந்துவிட்டது. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல முடிக்கப்படாமல் இருந்தன. புதிதாக ஊற்றிய தார் வெயிலில் இளகி, பெண்களின் உயர்குதிச் செருப்புகளைப் பிடித்துக்கொண்டது. இவையெல்லாம் சில வாரங்களில் சரிசெய்யப்பட்டன. ஆனால் விரைவுச்சாலையில் நின்ற அந்த வரிசை மட்டும் எழுபது ஆண்டுகளாகியும் முழுமையாகக் கலையவில்லை. அந்த வரிசையின் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேளிக்கைப் பூங்கா என்பது பிறப்பிலேயே காருக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் பரவியபோது, டிராம் நிறுவனங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. வாரநாட்களில் வேலைக்குச் செல்வோரால் நிரம்பி வழிந்த வண்டிகள் ஞாயிறன்று காலியாக ஓடின. ஆகவே அவை தங்கள் தடம் முடியும் இடத்தில், ஊருக்கு வெளியே, மரநிழலும் ராட்டினமும் நடன மேடையும் கொண்ட பூங்காக்களை அமைத்தன. பூங்காவில் ஈட்டும் பணத்தைவிட அங்கே போய்வரும் டிராம் கட்டணமே அவற்றின் குறி. பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே 1898இல் ஒரு டிராம் நிறுவனம் தொடங்கிய கென்னிவுட் பூங்கா இவ்வகையில் இன்றும் எஞ்சியிருப்பனவற்றுள் ஒன்று. நியூயார்க்கின் கோனி தீவிலும் இதே கதைதான். ஸ்டீபிள்சேஸ் பூங்கா 1897இலும் லூனா பூங்கா 1903இலும் அங்கே எழுந்தன. 1920ஐ ஒட்டி சுரங்க ரயில் கடற்கரை வரை நீண்டபின், ஐந்து சென்ட் நாணயம் ஒன்றிருந்தால் எந்தத் தொழிலாளியும் குடும்பத்தோடு கடலைப் பார்த்துவர முடிந்தது. நெரிசலுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் அது மனிதர்களின் நெரிசல். வந்தவர் எவரும் தம் வாகனத்துக்கு இடம் தேடி அலையவில்லை.

இந்த அமைப்பை மாற்றியவர் வால்ட் டிஸ்னி என்று சொல்லிவிட முடியாது. அவர் மாற்றத்தைச் சரியாகக் கணித்தவர். 1953இல் அவர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தை அணுகி, பூங்காவுக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டார். அப்பணியை மேற்கொண்ட ஹாரிசன் பிரைஸ், மக்கள்தொகை எந்தத் திசையில் நகர்கிறது, மழை எவ்வளவு, நிலத்தின் விலை என்ன என்றெல்லாம் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் முக்கியமான இடம் பெற்றது அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த சாண்டா ஆனா விரைவுச்சாலை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து தென்கிழக்காக அது செல்லவிருந்த வழியை ஒட்டி, அனஹைமின் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே, 160 ஏக்கர் தேர்வானது. டிராம் தடத்தின் முடிவில் நின்ற பூங்கா, இப்போது விரைவுச்சாலையின் இறக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவை ஒருகாலத்தில் இணைத்திருந்த பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு டிராம்கள் ஒவ்வொரு தடமாக நிறுத்தப்பட்டு வந்த காலம் அது. கடைசித் தடமும் 1961இல் நின்றுபோனது.

இனி அந்த 160 ஏக்கர் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைப் பார்ப்போம். பூங்காவுக்கு ஏறத்தாழ 60 ஏக்கர். கார்களுக்கு ஏறத்தாழ 100 ஏக்கர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கத்தக்க தார்த்திடல் அது. கட்டணம் 25 சென்ட். கனவுக்கு ஒதுக்கிய நிலத்தைவிடக் கனவுகாண வந்தவர்களின் வண்டிக்கு ஒதுக்கிய நிலம் பெரிது. மாலையில் களைத்துத் திரும்பும் குடும்பங்கள் ஒரே நிறத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கான கார்களுக்கிடையே தம்முடையதைக் கண்டுபிடிக்கத் திண்டாடக்கூடும் என்பதால், திடலின் பகுதிகளுக்குக் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. திடலின் கோடியில் இறங்கியவர்களை வாசலுக்குக் கொண்டுசேர்க்கத் தொடர்வண்டிகள் விடப்பட்டன. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் டிராம் என்பது.

உள்ளே நுழைந்தால் காட்சி முற்றிலும் மாறுகிறது. பூங்காவைச் சுற்றி ஏரிக்கரை போல ஒரு மண்மேடு. அதன்மீது நீராவி ரயில் ஓடுகிறது. வெளியுலகம், குறிப்பாகத் தார்த்திடலும் சாலையும், உள்ளிருப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்த மேடு எழுப்பப்பட்டது. அதைத் தாண்டியதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சிறுநகர வீதி ஒன்று விரிகிறது. அங்கே மக்கள் நடக்கிறார்கள். நடுவீதியில் குதிரை இழுக்கும் டிராம் ஒன்று மெல்லச் செல்கிறது. தங்கள் ஊரில் டிராம் தடங்கள் பிடுங்கப்படுவதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, காரில் முப்பது மைல் வந்து, அதை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்து டிராமில் ஏறியது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நடந்து திரியவும் முன்பின் தெரியாதவரோடு தோள் உரசி நிற்கவும் மனிதருக்கு உள்ள விருப்பம், காருக்கேற்பக் கட்டப்பட்ட ஊர்களில் இடமின்றித் தவித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கட்டடக் கலைஞர் சார்லஸ் மூர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே, பொதுவாழ்வுக்கு நீங்கள் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற பொருள்பட அமைந்தது. அதில் அவர் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த இடங்களுள் டிஸ்னிலாண்டும் ஒன்று.

இந்தப் பூங்காவுக்குள்ளேயே இன்னொரு முரணும் இருந்தது. நாளைய உலகம் என்று பெயரிட்ட பகுதியில் ஆட்டோபியா என்னும் விளையாட்டு திறப்பு நாளிலேயே இடம்பெற்றது. சிறுவர்கள் சின்னஞ்சிறு கார்களில் அமர்ந்து, வளைந்தும் ஏறியும் செல்லும் ஒரு குட்டி விரைவுச்சாலையில் தாமே ஓட்டிச் செல்லலாம். நாடு முழுவதும் விரைவுச்சாலைகள் அமைப்பதற்கான கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது 1956இல்தான். சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பே குழந்தைகள் அதில் பயணம் செய்யப் பழகிவிட்டனர். ஆனால் சிறுவர்கள் ஒருவர்மீது ஒருவர் மோதி வண்டிகளை நொறுக்கியதால் பல வண்டிகள் விரைவிலேயே பழுதாகின. பின்னர் தடத்தின் நடுவே வழிகாட்டித் தண்டவாளம் பதிக்க வேண்டியதாயிற்று. எதிர்காலச் சாலை, தண்டவாளத்தின் துணையோடுதான் ஒழுங்காக ஓடியது.

டிஸ்னிக்கு இந்த முரண் தெரியாமல் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1959 ஜூனில் பூங்காவுக்குள் ஒற்றைத் தண்டவாள ரயிலை அவர் அறிமுகப்படுத்தினார். அன்றைய துணை அதிபர் ரிச்சர்டு நிக்சன் குடும்பத்தோடு விழாவுக்கு வந்திருந்தார். இது வெறும் விளையாட்டன்று, நகரங்கள் பின்பற்றத்தக்க போக்குவரத்து முறை என்பது டிஸ்னியின் நம்பிக்கை. இரண்டாண்டுகளில் ரயில் பூங்காவின் எல்லையைக் கடந்து பக்கத்து விடுதிவரை நீண்டது. அதற்குமேல் நீளவில்லை. 1963இல் ஆல்வெக் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு இத்தகைய ரயில் அமைப்பைத் தன் முதலீட்டிலேயே கட்டித்தர முன்வந்தபோது அதிகாரிகள் மறுத்துவிட்டனர். அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் எழுத்தாளர் ரே பிராட்பரியும் ஒருவர். வாழ்நாள் முழுவதும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர் அவர். இரவில் தனியே நடந்துசெல்வதே குற்றமாகிவிட்ட எதிர்கால நகரம் ஒன்றை 1951இல் வெளியான ஒரு சிறுகதையில் எழுதியிருந்தார். அவர் வாழ்ந்த நகரத்தில் அதைப் படித்தவர்கள் அறிவியல் புனைவாக எடுத்துக்கொண்டார்களா, நாட்டு நடப்பாகவா என்று கேட்கத் தோன்றுகிறது.

அனஹைமில் இடம் போதாமல் தவித்த டிஸ்னி, அடுத்த பூங்காவுக்கு ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார். அங்கும் இடத்தைத் தீர்மானித்தவை சாலைகளே. 1963 நவம்பரில் விமானத்திலிருந்து ஆர்லாண்டோ பகுதியைப் பார்வையிட்டபோது, கீழே நெடுஞ்சாலைகள் குறுக்கிடும் இடம் அவரைக் கவர்ந்தது. 1966 அக்டோபரில் படம்பிடிக்கப்பட்ட ஓர் உரையில் அவர் விவரித்த எப்காட் என்னும் மாதிரி நகரத்தில், கார்களும் லாரிகளும் தரைக்கடியில் செல்லும். மேலே மக்கள் அச்சமின்றி நடப்பார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த நகரம் கட்டப்படவே இல்லை. 1971இல் திறந்த ஃப்ளோரிடா பூங்காவில் மிஞ்சியது அந்த எண்ணத்தின் ஒரு துண்டு மட்டுமே. கார்களை நெடுந்தொலைவில் நிறுத்திவிட்டு, செயற்கை ஏரியைப் படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ கடந்துதான் பூங்காவை அடைய வேண்டும். கார்கள் ஒழியவில்லை, பார்வையிலிருந்து இன்னும் தள்ளி வைக்கப்பட்டன.

அனஹைமின் தார்த்திடலுக்கு என்னவாயிற்று? 1998இல் அது மூடப்பட்டது. அதன்மீது 2001 பிப்ரவரியில் ஒரு புதிய பூங்கா திறக்கப்பட்டது. அந்தப் பூங்காவின் கருப்பொருள் கலிஃபோர்னியா. ஆரஞ்சுத் தோப்பை அழித்துத் தார் ஊற்றி, அந்தத் தாரைப் பெயர்த்தெடுத்து, அங்கே அம்மாநிலத்தின் கடற்கரையையும் மலையையும் தோட்டத்தையும் மாதிரியாக வடித்து, மாநிலத்து மக்களிடமே கட்டணம் பெற்றுக் காட்டினார்கள். கார்கள் பக்கத்தில் எழுந்த ஆறடுக்குக் கட்டடத்துக்குள் புகுந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கொள்ளும் அது, 2000இல் திறக்கப்பட்டபோது உலகின் மிகப் பெரிய வாகன நிறுத்தக் கட்டடங்களுள் ஒன்று. அதே காலத்தில் சாண்டா ஆனா விரைவுச்சாலையும் பொதுப்பணத்தில் அகலப்படுத்தப்பட்டது.

அந்தக் கட்டடத்தின் கணக்கைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அதைக் கட்டுவதற்கான பணத்தை அனஹைம் நகராட்சி கடன்பத்திரங்கள் வெளியிட்டுத் திரட்டியது. 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியது. 108 மில்லியன் டாலர் செலவான கட்டடத்தை நகராட்சி ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்கு டிஸ்னி நிறுவனத்திடம் விட்டிருந்தது. கார்களிடம் வசூலாகும் கட்டணம் நிறுவனத்துக்கே. கடன் தீர்ந்தபின் கட்டடமும் நிறுவனத்துக்கே உரியது. இத்தகைய ஏற்பாடுகள் ஊருக்கு வருவாயும் வேலைவாய்ப்பும் கொண்டுவருகின்றன என்பது நிறுவனத்தின் வாதம். செய்தி நியாயமற்றது என்று கூறி அந்நாளிதழின் விமர்சகர்களைத் தன் படங்களின் முன்திரையிடலிலிருந்து நிறுவனம் விலக்கியது. பிற ஊர்களின் விமர்சகர்களும் புறக்கணிப்பை அறிவித்த பின்னரே அந்தத் தடை நீங்கியது. ஒரு கார் நிறுத்துமிடத்தைப் பற்றிய செய்தி திரையரங்க வாசல்வரை வந்து நின்ற கதை இது.

நெரிசலில் சிக்கியவர் திட்டுவது முன்னால் நிற்கும் காரைத்தான். அது இயல்பு. ஆனால் இந்த வரலாற்றைப் படித்தபின், அந்த வரிசை தற்செயலாகச் சேர்ந்தது என்று நம்மால் எண்ண முடிவதில்லை. எந்தத் தடத்தைப் பிடுங்குவது, எந்தச் சாலையை அகலப்படுத்துவது, யாருடைய பணத்தில் எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு முறையும் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். கோனி தீவுக்குச் செல்ல ஐந்து சென்ட் போதுமாயிருந்தது. அனஹைமுக்கு முதலில் ஒரு கார் வேண்டும். 1955இல் 25 சென்ட்டாயிருந்த நிறுத்தக் கட்டணம் இன்று 30 டாலரையும் தாண்டிவிட்டது. வாசலில் நுழைவுச்சீட்டு கேட்பதற்கு முன்பே, எவர் வரலாம் என்பது பெருமளவுக்குத் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

2024இல் அனஹைம் நகர மன்றம் பூங்காவின் அடுத்த விரிவாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இப்போது வாகன நிறுத்துமிடங்களாக உள்ள பகுதிகளில் புதிய கேளிக்கைகள் எழவும், கார்களுக்கு வேறோர் இடத்தில் புதிய கட்டடம் எழவும் அது வழிசெய்கிறது. திடல் மீண்டும் பூங்காவாகப் போகிறது. கார்கள் மீண்டும் இன்னோரிடம் தேடிப் போகின்றன. அங்கே வரப்போகும் வீதிகளிலும் மக்கள் நடந்து திரிவார்கள், மகிழ்வார்கள் என்பதில் ஐயமில்லை. மாலையில் தங்கள் காரைத் தேடிக் கண்டுபிடித்து, நடக்க வழியில்லாத ஊர்களுக்குத் திரும்புவார்கள் என்பதிலும்தான்.