மீன் அரிவாள்மணை

மீன் அரிவாள்மணை என்பது மரப்பலகையில் பொருத்தப்பட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும் அலகைக் கொண்ட, மீனைத் துப்புரவு செய்து துண்டிடப் பயன்படும் கருவியாகும். பேச்சுவழக்கில் இது அருவாமனை எனப்படுகிறது. புதுச்சேரி நகரின் கடலோர மீனவர் குடியிருப்புகளான குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் உட்பட சோழமண்டலக் கரையோரம் முழுவதும் வீடுகளிலும் மீன் அங்காடிகளிலும் இது பயன்படுத்தப்படுகிறது. மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் மான் போன்ற விலங்குகளின் குடலை அகற்றவும் தோலை உரிக்கவும் கையாளும் வேட்டைக் கத்தியின் பணியை மீனில் இக்கருவி செய்கிறது.

பெயர்

அரிவாள், மணை ஆகிய சொற்களின் சேர்க்கையே அரிவாள்மணை. இங்கு மணை என்பது பலகையைக் குறிக்கும். வீட்டைக் குறிக்கும் மனை என்ற சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. இதையொத்த கருவி தெலுங்கில் கத்திபீட்ட என்றும், கன்னடத்தில் ஈளிகெ மணெ என்றும், மராத்தியில் விளி என்றும், வங்காளத்தில் பொட்டி என்றும் அழைக்கப்படுகிறது.

அமைப்பும் பயன்படுத்தும் முறையும்

அலகின் கூரிய பக்கம் வெட்டுபவரை நோக்கி இருக்கும். வெட்டுபவர் தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனை இரு கைகளாலும் பிடித்து அலகின் மீது செலுத்துவார். கத்தியால் வெட்டும்போது ஒரு கை கத்தியிலும் மறு கை மீனிலும் இருக்கும். அரிவாள்மணையில் இரு கைகளும் மீனுக்கே கிடைப்பதால் வழுக்கும் மீனையும் உறுதியாகப் பிடிக்க முடிகிறது. இதுவே இக்கருவியின் முதன்மையான நன்மையாகும்.

முதலில் துடுப்புகளும் செதில்களும் நீக்கப்படுகின்றன. பின்னர் செவுள்கள் அகற்றப்பட்டு, வயிறு கீறப்பட்டு, குடல் வெளியே எடுக்கப்படுகிறது. கீறல் ஆழமானால் பித்தப்பை உடைந்து சதையில் கசப்பு ஏறும். முதுகெலும்பை ஒட்டிய குருதியையும் சுரண்டிக் கழுவ வேண்டும்.

அலகைத் தேர்ந்தெடுத்தல்

குடலெடுத்தல், தோலுரித்தல், எலும்பை வெட்டுதல் ஆகிய மூன்று பணிகளுக்கும் ஒரே அலகு பொருந்தாது.

* குடலெடுக்க முனை கூரான சிறு கத்தி ஏற்றது. வேட்டைக் கத்திகளின் அலகும் பெரும்பாலும் 7 முதல் 10 செ.மீ. நீளமே இருக்கும், நீண்ட அலகின் முனை உள்ளே எங்கு செல்கிறது என்பதைக் கை உணர்வது கடினம்.
* தோலுரிக்க வளைந்த வெட்டுவாய் தேவை. நேரான முனை தோலைக் கிழித்துவிடும். சுறாவின் சொரசொரப்பான தோலைப் பச்சையாக உரிப்பது கடினமாதலால், புட்டு செய்வோர் மீனை வேகவைத்த பின்னரே அதை நீக்குகின்றனர்.
* பெரிய வஞ்சிரம், சூரை, சுறா ஆகியவற்றின் முதுகெலும்பை வெட்ட, புளியமரக் கட்டையும் கனத்த வெட்டுக்கத்தியும் பயன்படுகின்றன. அரிவாள்மணையின் அலகில் எலும்பை மோதினால் வெட்டுவாய் பல்லுப்பல்லாகச் சிதையும்.

அரிவாள்மணை வாங்கும்போது அலகும் பலகையும் சேரும் இடத்தில் ஆட்டம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பலகை கனமாகவும், தரையில் படிந்து நிற்பதாகவும் இருத்தல் நன்று. கொல்லர்கள் பழைய சரக்குந்துகளின் வில்பட்டைகளிலிருந்தும் அலகு செய்வதுண்டு. இத்தகைய கரிம எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் உப்புநீரில் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகு உப்பைத் தாங்கும். அதைச் சாணை பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். எவ்வகையானாலும் வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

பாதுகாப்பு

மழுங்கிய அலகில் கூடுதல் விசை தேவைப்படுவதால் கை வழுக்கி வெட்டுப்படும் வாய்ப்பு மிகுதி. திருக்கையின் வால் முள்ளும் கெளுத்தியின் துடுப்பு முட்களும் நச்சுடையவை என்பதால் அவற்றை முதலில் அகற்ற வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் அரிவாள்மணையைப் படுக்கவைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது வழக்கம்.

சூரை போன்ற மீன்களைக் குளிரூட்டாமல் வைத்தால் அவற்றின் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் பெருகி, சதையில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை உருவாக்கும். இது சமைத்தாலும் அழியாது; உண்பவருக்கு முகச்சிவப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை ஏற்படுத்தும். ஆகவே கூரிய அலகை விடவும், விரைந்து குடலெடுத்துப் பனிக்கட்டியில் வைப்பதே முக்கியமானது.

சட்டம்

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காட்டு விலங்கு வேட்டையைத் தடை செய்கிறது. கடல்வாழ் உயிரினங்கள் சிலவும் இதில் அடங்கும். அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறா 2001-ஆம் ஆண்டு இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. வேளா மீன்களும் கடலாமைகளும் பாதுகாக்கப்பட்டவையே. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

இவற்றையும் பார்க்க

* அரிவாள்
* வேட்டைக் கத்தி
* மீன்பிடித்தல்